முதல் கோப்பு மாமாவுடையது

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் சொந்தக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ள முன்பு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று அழைப்பிதழ் அச்சடிக்கும் இடம், யார் பெயர் மேலே வருவது என்று. இன்னொன்று பந்தி, யார் இலைக்கு அப்பளம் வராமல் போனது என்று. மனக்கம்மல் வந்த பிறகு இன்னும் ஓர் இடம் சேர்ந்துகொண்டது. அது பஜாருக்குப் பின்னால் கொண்டல்சாமி அண்ணாச்சி வைத்திருந்த 'மங்கள நினைவகம்' என்ற கடையில், வடிவு உட்கார்ந்து வேலை பார்க்கும் மேசை.

மனக்கம்மல் ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை, பட்டாணி அளவு சாமான். மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டோடு தட்டில் அதையும் வைத்திருப்பார்கள். எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தாம்பூலப் பை வாங்கும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். படம் பிடிப்பது அதன் வேலை இல்லை, அதற்குத்தான் காமிரா இருக்கிறதே. மாட்டியவர் மனசு நொடிக்கு நொடி என்ன பாடுபட்டது என்பதை, நொடிக்கு ஒரு வரியாக, அவர் பெயரிலுள்ள கோப்பில் எழுதிக்கொண்டே போகும். வந்த புதிதில் கம்மல் என்ற பெயரைக் கேட்டு ஆண்கள் யாரும் அதைத் தொடவில்லை. கம்பெனிக்காரன் அதையே கொஞ்சம் தட்டையாக்கிக் கடுக்கன் என்று பெயர் வைத்ததும் மீசைக்காரர்கள் எல்லாம் இரண்டு காதுக்கும் கேட்டார்கள்.

கல்யாணம் முடிந்ததும் முந்நூறு நானூறு கோப்புகள் வடிவின் மேசைக்கு வந்து சேரும். அத்தனையையும் வரி வரியாகப் படித்து ஒரே கோப்பாக்கி, காமிராப் படத்தோடு சேர்த்துக் கொடுக்கும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு படத்தைப் போட்டால், அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களின் மனசு பார்ப்பவர் நெஞ்சுக்குள் வந்து வந்து போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சண்டை எங்கே முளைத்தது என்றால், நானூறு பேரில் யாருடைய மனசு என்பதில்.

ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டபோது வடிவு பொறுமையாக விளக்கினாள்.

"புரோகிராம் நொடிக்கு ஒரு வரிதான் எடுக்கும் அண்ணாச்சி. முதல் ஃபைலைத் திறந்து பார்க்கும். அந்த நொடிக்கு அதுல வரி இருந்தா எடுத்துக்கிட்டு அடுத்த நொடிக்குப் போயிரும். வெறும் வரியா இருந்தாத்தான் ரெண்டாவது ஃபைலைப் பார்க்கும். அதுவும் வெறும் வரின்னா மூணாவது."

"அப்போ கடைசி ஃபைல்காரன் கல்யாணத்துக்கு வந்ததுக்கு என்ன அடையாளம்?"

"சாப்பிட்டுட்டுத்தானே போயிருப்பாக, அதுதான்."

எல்லோரையும் சேர்த்துக் கலக்கினால் என்ன என்று கடைக்காரர் கொண்டல்சாமி அண்ணாச்சியே ஆரம்பத்தில் கேட்டிருக்கிறார். கலக்கியும் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பும் இன்னொருவர் வயிற்றெரிச்சலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, உப்பில்லாத கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று மிஞ்சியது. ஆகவே முதலில் இருப்பவர் வரியே கல்யாணத்தின் வரி என்று ஆகிப்போனது. முதலிடம் என்று ஒன்று வந்துவிட்டால் அது மரியாதையாகிவிடும், மரியாதை என்றால் அது தாய்மாமனுக்கு. இந்த விதியை வடிவு எழுதவில்லை. மாலையும் பரிவட்டமும் வாங்கிப் பழகிய ஜனங்கள் தாங்களாகவே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

இதில் நடந்த கூத்துகளுக்குக் குறைவில்லை. கயத்தாற்றுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் தாய்மாமன் உயிரோடு இல்லாததால், மாப்பிள்ளையின் அக்காள் புருஷன் தனக்குத்தான் முதல் கோப்பு என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிவிட்டார். முகூர்த்த நேரத்தில் அவர் மண்டபத்துக்குப் பின்னால் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். தாலி ஏறிய நொடியில் அவர் கைக்கு ஜோக்கர் வந்தது. அப்படி ஒரு சந்தோஷமான முகூர்த்தத்தை இந்த வம்சமே பார்த்ததில்லை என்று அந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வடிவு சிரிப்பாளே தவிர எதையும் வெளியே சொல்ல மாட்டாள். ஒரே கோப்பாகச் சேர்ந்த பிறகு எந்த வரி யாருடையது என்ற அடையாளம் அதில் இருக்காது. இருக்கவும் கூடாது. இன்ன வரி இன்னாருடையது என்று சொன்னால் கடையைப் பூட்ட வேண்டியதுதான், சட்டம் அப்படி. அந்த நம்பிக்கையில்தான் நானூறு பேரும் காதைக் கொடுக்கிறார்கள்.

பூரணி கல்யாணத்தில் இந்த மாதிரித் தகராறு எதுவும் வரவில்லை. முதல் கோப்பு தாய்மாமன் சுடலைமுத்து, அடுத்தது பொண்ணு, அதற்கடுத்தது மாப்பிள்ளை, மற்றவர்கள் எல்லாம் பிறகு என்று பூரணியின் அம்மா சொர்ணம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனாள். இந்த வரிசையைப் பூரணியிடம் யாரும் சொல்லவில்லை.

சுடலைமுத்து எட்டயபுரம் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வடிவுக்கும் அவரைத் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். பூரணியை அவர் மகன் கதிரவனுக்குத்தான் என்று, அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பேச்சு. பிள்ளை அவர் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தது. வயது வந்து கேட்டபோது பூரணி, "கதிரை எனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரித்தான் மாமா தெரியுது" என்று நேராக அவரிடமே சொல்லிவிட்டாள். சுடலைமுத்து சரி என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாத்தூர் அகிலனை அவளுக்குப் பார்த்து முடித்ததே அவர்தான். ஆனியில் கல்யாணம், ஊர் மெச்சும்படி சீர் செய்தார்.

காதில் கம்மல் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு உலகம் முன்னேறிவிட்டாலும், ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடும் வழக்கத்தை யாராலும் அசைக்க முடியவில்லை. அகிலன் ஓசூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பூரணி அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கும் புதுப்பெண் என்ன செய்வாள், கல்யாணத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

ஆடி பாதி போன ஒரு பகல் நேரத்தில், தலையெல்லாம் காற்றுப் புழுதியோடு அவள் கடைக்கு வந்து வடிவின் எதிரே உட்கார்ந்தாள். அண்ணாச்சி கடலை மிட்டாயை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அக்கா, தாலி கட்டுத நேரத்துல ஒரு பாரம் வருது. அது யாரோடது?"

அதைச் சொல்லக் கூடாது என்று வடிவு வழக்கம்போல ஆரம்பித்தாள். பூரணி அதைக் காதில் வாங்கவே இல்லை. கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று வந்தவளை யார் நிறுத்த முடியும். ஏதோ ஒன்று கையை விட்டுப் போகிற மாதிரி நெஞ்சை அடைக்கிறதாம். படத்தில் அந்த நேரம் பார்த்து அகிலன் முகம்தான் பக்கத்தில் தெரிகிறதாம். புருவத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, எப்படா முடியும் என்கிற மாதிரி. அந்த முகத்தையும் இந்தப் பாரத்தையும் சேர்த்து அவள் இருபது தடவையாவது பார்த்துவிட்டாள்.

"இஷ்டமில்லாமத்தான் கட்டியிருக்காகன்னு தோணுது" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"அவுககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?"

"கேட்டா இல்லேம்பாக. வாய் சொல்லுததை இப்போ யாருக்கா நம்புதா?"

வடிவுக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சை அவள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறாள். நாத்தனார் வாழ்த்தினது மனசாரவா என்று ஒருத்தி வருகிறாள். பாயசம் பிரமாதம் என்று சொன்ன சம்பந்தி உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்று ஒருவர் வருகிறார். ஒரு புருஷன், மனைவி தன்னைப் பார்த்துச் சிரித்த நொடிக்கு வரி கேட்டு வந்தான். கல்யாண வீட்டின் சந்தோஷத்தைப் பிடித்து வைக்கத்தான் அவள் அந்தப் புரோகிராமை எழுதினாள். அது வந்த பிறகு ஒருவர் சொல்லுக்கும் மதிப்பில்லாமல் போய்விட்டதே என்று அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"ஆடி முடிஞ்சதும் கூப்பிட வருவாக. அது அவுக பாரம்னா நான் ஓசூருக்குப் போக மாட்டேன்கா. வேண்டாத வீட்டுல போயி உக்காந்து என்ன பண்ண?"

விளையாட்டாகச் சொல்கிற முகமாக அது இல்லை. வெள்ளிக்கிழமை வா என்று மட்டும் சொல்லி வடிவு அவளை அனுப்பி வைத்தாள்.

அண்ணாச்சிக்கு இதில் குழப்பமே இல்லை.

"இதுல என்ன யோசனை? முதல் ஃபைல் யாருது? சுடலைமுத்துது. மருமகளா வரப்போறான்னு இருந்தவரு, அடுத்தவன் தாலி கட்டுததைப் பார்த்தா நெஞ்சு அடைக்கத்தானே செய்யும். மாமாவோடதுதான்னு சாடையா சொல்லி விடு."

"சட்டம் இருக்குல்லா அண்ணாச்சி."

"சாடைக்கு ஏது வடிவு சட்டம்?"

வடிவும் அப்படித்தான் நினைத்தாள். பூரணிக்கு நிம்மதி, அகிலன் தப்பினான், மாமன் வருத்தப்பட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒருத்தியின் வாழ்க்கையை ஊகத்தின்மேல் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சி சாப்பிடப் போனதும் அந்தக் கோப்புகளை மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற பெயரையும் எழுது என்று புரோகிராமில் ஒரு கட்டளை சேர்த்தாள். செய்யக் கூடாத காரியம்தான். செய்தாள்.

திரை நிறைய சுடலைமுத்து, சுடலைமுத்து என்று ஓடியது. மாப்பிள்ளை அழைப்பில் சுடலைமுத்து, காசியாத்திரையில் சுடலைமுத்து. மனுஷன் காலையிலிருந்து சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார். தாலித் தட்டு எல்லோர் கைக்கும் போய் ஆசி வாங்கிவிட்டு மேடைக்குத் திரும்பியது. அதற்கடுத்த வரியில் பெயர் மாறியது.

பூரணி. அடுத்த வரியும் பூரணி. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை எல்லாம் போட்டு முடியும் வரைக்கும் பூரணி.

வடிவு மாமாவின் கோப்பைத் தனியாகத் திறந்து பார்த்தாள். அந்த இடத்தில் வெறும் வரிகளாக இருந்தன. தூங்கினால்கூடக் கடுக்கன் தூக்கத்தை எழுதும். காதில் இல்லாவிட்டால்தான் வெறும் வரி வரும். மாமா ஏனோ கழற்றியிருக்கிறார், புரோகிராம் தன் பாட்டுக்கு அடுத்த கோப்புக்குப் போய்விட்டது.

புருஷனுடையது என்று நினைத்து ஒருத்தி வாழ்க்கையையே உதறத் தயாராக இருக்கிறாள், பாரமோ அவளுடையதே. தாலி ஏறும்போது இந்தப் பெண்ணின் நெஞ்சு ஏன் இப்படிக் கனத்தது? அப்படியானால் இஷ்டமில்லாதது இவளுக்குத்தானா? இதை எந்த வாயால் சொல்வது? தெரியாமல் இருந்தபோது மாமா என்று சாடை காட்டியிருக்கலாம். தெரிந்த பிறகு அது சுத்தப் பொய். தன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று வடிவு தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறந்த கையோடு சுடலைமுத்து வந்து நின்றார். நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல் அன்றைக்கு மேசையைத் தாண்டவில்லை. அண்ணாச்சி டீ வாங்கப் போகும்வரை கையைப் பிசைந்துகொண்டு, மோட்டாரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் அக்காள் சொர்ணம் விஷயத்தைச் சொல்லி அழுததாகச் சொன்னார்.

"பிள்ளை மாப்பிள்ளை மேல சந்தேகப்படுதாளாம். அந்தப் பாரம் என்னோடதா இருக்க முடியாது தாயி. நான் அந்நேரம் கழட்டிட்டேன்."

ஏன் கழற்றினார் என்று வடிவு கேட்கவில்லை. அவரே சொன்னார். தாலித் தட்டு கைக்கு வரும்வரை அவருக்கு ஒன்றும் இல்லையாம். தொட்டுக் கும்பிட்டதும் உள்ளே ஏதோ திரண்டு வந்ததாம். தன் கோப்புதான் முதல் கோப்பு என்று அவருக்குத் தெரியும். மேளம் ஏறும்போது பாரம் பொங்கிவிடும், அது அப்படியே கல்யாணத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று பயம் வந்து, யாரும் பார்க்காமல் கடுக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

"ஆயுசு பூரா போட்டுப் பார்க்கப் போற பிள்ளை. அதுல என் பாரம் எதுக்கு? எல்லாம் முடிஞ்ச பிறகு திரும்ப மாட்டிக்கிட்டேன்."

வடிவு மேசைமேல் கிடந்த நெற்றிப் பட்டையை எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

"யாருதுன்னு எனக்கு நீ சொல்ல வேண்டாம். என்னோடதுன்னு சொல்லிரு. நானும் போயி அப்படித்தான் சொல்லப்போறேன்."

"நான் யாருதுன்னுமே சொல்லக் கூடாதுங்கய்யா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, சொல்ல வேண்டாம். என்னோடது இல்லேன்னு மட்டும் சொல்லிராத" என்றார். டீ வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பூரணி தனியாக வரவில்லை. அவள் போனை எடுக்காததால் பயந்துபோய் அகிலன் ஓசூரிலிருந்து ஓடி வந்திருந்தான். ஆடியில் மாப்பிள்ளை வந்து நின்றதைப் பார்த்துச் சொர்ணம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் பார்ப்பதற்குள் சாப்பாடு போட்டு இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருந்தாள். அவன் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகத்தோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு பூரணியை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப் போனாள்.

"மாமா வந்தாக. அது தன்னோடதுதான்னு சொல்லுதாக" என்று பூரணி ஆரம்பித்தாள்.

அவருடையது இல்லை என்று வடிவு சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான்.

"பொய் சொல்லுதாகக்கா. மாமா அந்நேரம் கடுக்கனைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டாக. நான் பார்த்தேன்."

இதை வடிவு எதிர்பார்க்கவில்லை. குனிந்திருந்த பெண் எப்படிப் பார்த்தாள்? மேளம் ஏறியதும் ஒரு நொடி நிமிர்ந்து மாமாவைத்தான் தேடினேன் என்றாள் பூரணி. அவர் தூணோரமாக நின்று காதிலிருந்து அதை எடுப்பதைப் பார்த்தாளாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா பொய் சொல்லுதாகன்னா என்ன அர்த்தம்? அது எங்க வீட்டுக்காரகளோடதுதான். என்னைய வாழ வைக்கணுமேன்னு மாமா பழியைத் தன் மேல போட்டுக்கிடுதாக. எனக்கு இப்போ சந்தேகமே இல்லக்கா."

நல்லது செய்ய வந்த மனுஷன் சந்தேகத்துக்கு ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார். இல்லை என்று சொன்னால் பின்னே யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். வடிவு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதுதான் அவளுக்கு ஒன்று பட்டது. சொல்லக் கூடாது என்றுதான் சட்டம், கேட்கக் கூடாது என்று இல்லையே.

"மாமா கழட்டுனதைப் பார்த்தேல்லா. பார்த்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? எதுக்குக் கழட்டுதாகன்னு எனக்குத் தெரியாதா? எனக்காகத்தான். வேண்டாம்னு சொன்னவளுக்காக அந்த மனுசன் அதைக்கூட..."

பூரணி நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"அது நான்தானா" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

வடிவு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். பூரணி அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. இருபது தடவை பார்த்தும் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லையே என்றாள். பதிவு செய்த குரலைக் கேட்டால் இது நானா என்று எல்லோரும் கேட்பதில்லையா, அதே கதைதான் என்றாள் வடிவு. அதற்குமேல் ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு பூரணி வாசலுக்குப் போனாள். வடிவும் பின்னாலேயே போய் நிலையோரம் நின்றாள்.

"தாலி கட்டும்போது முகத்தை ஏன் அப்படி வச்சிருந்தீக?"

அகிலன் விழித்தான். யோசித்துப் பார்த்துவிட்டு அசடு வழியச் சிரித்தான்.

"இடது கால் மரத்துப் போச்சு. எவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உக்காருதது? எந்திரிச்சா எல்லாரு முன்னாலயும் விழுந்துருவேனோன்னு ஒரே பயம்."

அண்ணாச்சி உள்ளேயிருந்து இருமுவதுபோலச் சிரித்தார். பூரணி சிரிக்கவில்லை. தான் என்ன நினைத்தாள், எதற்காகப் போனை எடுக்காமல் இருந்தாள் என்பதையெல்லாம் ஒளிக்காமல் அங்கேயே சொல்லிவிட்டாள். அகிலனின் சிரிப்பு அடங்கியது.

"இதை என்கிட்டயே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

அது அவனுக்கு வலித்தது. வலித்ததை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. "இப்போ நம்புதியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். எந்தக் கோப்பையும் திறந்து பார்க்காமல் அவள் தலையாட்டியதைக் கண்டு வடிவுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது பூரணி திரும்பி வந்தாள். மாமா இன்னும் கல்யாணப் படத்தைப் பார்க்கவில்லை, என்ன சொன்னாலும் பிறகு பார்க்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போகிறார், ஆடி முடிந்து தன்னை அனுப்பும் விருந்தில்தான் எல்லோரோடும் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

"பார்த்தா அவுகளுக்குத் தெரிஞ்சிரும்கா. கழட்டுனதை நான் பார்த்துட்டேன், அதுக்காகத்தான் எனக்கு அப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக. அவுக கழட்டுன மாதிரி நானும் கழட்டிக்கிடுதேன். முடியுமா?"

முடியும். தன் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. அவள் வரிகளை வெறும் வரிகளாக்கினால் புரோகிராம் மூன்றாவது கோப்புக்குப் போகும். அது அகிலனுடையது. அவன் கொஞ்சம் வெட்கப்பட்டாலும் சரி என்றான்.

வடிவு அழித்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கோப்புகளைப் படித்திருக்கிறாள், அந்தச் சில வரிகள் அளவுக்கு உண்மையான எதையும் அவள் பார்த்ததில்லை. ஒருவர் நெஞ்சை இன்னொருவர் பார்த்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் ஒதுங்கிக்கொள்ள, அந்தக் கல்யாணத்தின் நடு நொடியில் அவர்கள் இருவருமே இல்லாமல் போனார்கள். மறுபடி ஓட்டு என்று பொத்தானை அழுத்தும்போது அவளுக்கு அழுகை வந்தது.

ஆவணி பிறந்ததும் விருந்து. அண்ணாச்சியும் வடிவும்கூட அழைக்கப்பட்டிருந்தார்கள். கூடத்தில் இருபது பேர் நெற்றியில் பட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து நடுவில், தன் பாரம் என்று சொல்லி வைத்துவிட்ட ஒன்றைச் சபைக்கு நடுவே பார்க்கப்போகிறவராக, விறைத்துப்போய் இருந்தார். தட்டு போய்த் திரும்பியது. மேளம் ஏறியது. கூடம் முழுக்க ஒரே நேரத்தில் எல்லோரும் நெளிந்து, இடது காலை இழுத்து நீட்டினார்கள். பின்னே சிரிப்பு வெடித்தது.

"எலே சுடலை, பாரம் பாரம்னு பிள்ளையைப் போட்டு அந்தப் பாடு படுத்துனியே. கால் மரத்ததுதானாலே?" என்றாள் சொர்ணம்.

அகிலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பந்திக்கு வடை கொண்டுவந்த பூரணி ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். சுடலைமுத்து சிரிக்காமல் அவளையே பார்த்தார். காதிலிருந்து எடுத்தது அவர், தன்னுடையது இல்லாத ஒன்றைத் தன்னுடையது என்று சொன்னதும் அவர், இங்கே ஒரு பாரத்தைக் காணவில்லை என்பது அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் உறைத்தது. அது யாருடையதாக இருந்தது என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூரணி தலை நிமிரவில்லை. வடைத் தட்டோடு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

சுடலைமுத்து கண்ணை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் பார்த்துப் பெரிதாகச் சிரித்து, இடது காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஆமாக்கா, அன்னைக்குக் காலையிலேர்ந்து ஒரே நிலையா தூணோரம் நின்னுட்டேம்லா, மரத்துப் போச்சு" என்றார். நின்றுகொண்டிருந்தவருக்குக் கால் எப்படி மரத்துப்போகும் என்று யாரும் கேட்கவில்லை.